உயிரேடுகளும் பாட ஒப்பீடும்

முன்னுரை

ஒரு நூலின் இரண்டு சுவடிகளை அருகருகே விரித்து வைத்து, வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கி, எது முந்தைய பாடம், எது ஏடெழுதியோரால் நேர்ந்த பிழை என்று துணிவது பதிப்பாசிரியர் பணியாகும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் காலந்தொட்டுத் தமிழ் கற்போர் நன்கறிந்த பணி இது. இதே பணியை, ஓலையின் மீதன்றி உயிர்களின் உடலுக்குள் அமைந்துள்ள எழுத்து வரிசைகளின் மீது உயிரியலார் எழுபது ஆண்டுகளாகச் செய்துவருகின்றனர். அவர்கள் நடந்த வழியை வரலாற்று நோக்கில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர் ஒருவர் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு கவிஞரின் வரியில் இன்னொருவரின் வரி ஒலிக்கின்றது என்று நம் வட்டத்துக் கூட்டங்களில் யாரேனும் சொல்லும்போதெல்லாம் ஒரு வினா எழுகின்றது. இரண்டு பனுவல்கள் ஒத்திருப்பதனாலேயே அவற்றை உறவுடையன எனக் கொள்ளலாமா? கொள்ளலாம் எனில், எத்துணை ஒப்புமை போதும்? இவ்வினாவை நாம் பெரும்பாலும் சுவையுணர்வாலும் சிலவேளை சினத்தாலும் முடித்துவிடுகிறோம். உயிரியலார்க்கோ அது நோயோடும் மருந்தோடும் தொடர்புடைய வினா. ஆதலின் அவர்கள் அதனைக் கணக்கிட்டு விடை காண முயன்றனர்.

இருவகை நெடுங்கணக்கு

உயிரேட்டின் மொழிக்கு இரண்டு நெடுங்கணக்குகள் உள. மரபணுக்கள் அமைந்த டி.என்.ஏ.யில் எழுத்துகள் நான்கே. உடலின் வினைகளை நிகழ்த்தும் புரதத்தில் எழுத்துகள் இருபது. அவற்றை அமினோ அமிலங்கள் என்பர். முன்னதன் மூன்றெழுத்துகள் சேர்ந்து பின்னதன் ஓரெழுத்தைக் குறிக்கும்.

புரதம் ஒன்றின் எழுத்து வரிசையை முதன்முதலில் முழுமையாகப் படித்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரெடெரிக் சேங்கர். சர்க்கரை நோயாளர் நன்கறிந்த இன்சுலினே அப்புரதம். அதன் 51 எழுத்துகளையும் அவற்றின் பிணைப்புகளையும் அவரும் உடனுழைத்தோரும் 1955க்குள் கண்டறிந்தனர். 1958இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மாடு, பன்றி, செம்மறியாடு ஆகியவற்றின் இன்சுலின்களைப் படித்தபோது அவை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஒரு சங்கிலியின் எட்டு முதல் பத்து வரையுள்ள இடங்களில் மட்டும் எழுத்துகள் மாறியிருந்தன. மனிதனுக்கும் பன்றிக்கும் வேறுபாடு ஓரெழுத்து; மனிதனுக்கும் மாட்டுக்கும் மூன்றெழுத்து. ஒரு மூலநூலின் வழிவந்த சுவடிகளில் காணும் பாடவேறுபாடு போன்றதே இது என்பது தமிழாசிரியர் எவர்க்கும் உடனே தோன்றும்.

இவ்வொப்புமையை வெளிப்படையாகக் கூறியவர்கள் எமில் சுக்கர்கேண்டிலும் லைனஸ் பாலிங்கும் ஆவர். உயிர் மூலக்கூறுகள் படிமலர்ச்சி வரலாற்றின் ஆவணங்கள் என்று அவர்கள் 1965இல் தம் கட்டுரைத் தலைப்பிலேயே குறித்தனர். கல்லாய் மாறிய எலும்பு கிடைக்காத இடத்தும் வாழும் உயிரின் உடலிலேயே அதன் முன்னோர் வரலாறு எழுதப்பட்டுள்ளது என்பது அவர்கள் கொள்கை.

தொகுத்தவர்

ஒப்பிடுதற்கு முன் தொகுத்தல் வேண்டும். அப்பணியைத் தலைமேற்கொண்டவர் மார்கரெட் ஓக்லி டேஹாஃப் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1925இல் பிறந்த இவர் 1948இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். கணிப்பொறி ஓர் அறை முழுதும் நிறைந்து நின்ற அக்காலத்தில், அதனை உயிரியலுக்குப் பயன்படுத்தலாம் எனக் கண்ட சிலருள் ஒருவர். புரதத்தைத் துண்டு துண்டாகவே படிக்க இயலும். துண்டுகளின் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று படியும் எழுத்துகளைக் கொண்டு முழுவரிசையை அமைக்க வேண்டும். சிதைந்த ஓலை நறுக்குகளைப் பொருத்தி நூலை மீட்பது போன்ற இவ்வேலைக்கு 1962இல் இவரும் ராபர்ட் லெட்லியும் கணிப்பொறி நிரல் ஒன்றை வகுத்தனர்.

1965இல் இவரும் குழுவினரும் 'புரத வரிசை, அமைப்பு நிலப்படத் தொகுப்பு' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டனர். அதில் இருந்தவை 65 புரதங்கள். பல இதழ்களில் சிதறிக் கிடந்த வரிசைகளைத் தேடி எடுத்து, சரிபார்த்து, ஒரே முறையில் அடுக்கிய முதல் தொகுப்பு அது. அமினோ அமிலங்களுக்கு வழங்கும் ஓரெழுத்துக் குறியீடு இவர் ஆக்கமே. இவர் அந்நூலைத் தொடர்ந்து வளர்த்தார்.

தொகுத்தலோடு இவர் நின்றாரல்லர். ஏட்டுச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. எனவே அவை ஒன்றுக்கொன்று மாறியிருத்தலைப் பதிப்பாசிரியர் பெரிதாகக் கொள்ளார். ககரம் இருக்க வேண்டிய இடத்தில் ழகரம் இருப்பின் திகைப்பார். புரதத்திலும் அவ்வாறே. தன்மையில் நெருங்கிய எழுத்துகள் எளிதில் மாறிக்கொள்ளும். ஏனையவை மாறுதல் அரிது. எது எளிது, எது அரிது என்பதை ஊகத்தால் கூறாது எண்ணிப் பார்த்தார் டேஹாஃப். நெருங்கிய உறவுடைய 71 புரதக் குழுக்களில் நிகழ்ந்த 1,572 மாற்றங்களை எண்ணி, அவற்றினின்று மதிப்பெண் அட்டவணை ஒன்றை 1978இல் வெளியிட்டார்.

பெரிதும் வழங்கிய அவ்வட்டவணையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. முழு ஒற்றுமைகளும் ஒரே மதிப்பின அல்ல. எங்கும் காணப்படும் அலனின் என்னும் எழுத்து இரண்டு வரிசைகளிலும் ஒரே இடத்தில் வந்தால் கிடைப்பது 2 மதிப்பெண். அரிதாக வருவதும் அரிதாகவே மாறுவதுமான டிரிப்டோஃபான் அவ்வாறு வந்தால் 17. ஐசோலியூசின் இருக்குமிடத்தில் அதன் நெருங்கிய உறவான வாலின் இருப்பின், எழுத்து வேறாயினும் 4 மதிப்பெண் உண்டு; அலனின் தன்னோடு தான் ஒத்தமைக்குப் பெறுவதினும் இது மிகுதி. இரு கவிதைகளில் 'நிலவு' என்னும் சொல் வந்திருப்பது எதனையும் மெய்ப்பிக்காது. எவரும் ஆளாத அருஞ்சொல் ஒன்று இரண்டிலும் ஒரே இடத்தில் வந்திருப்பின் நாம் நிமிர்ந்து பார்க்கிறோம். அந்நிமிர்ந்த பார்வைக்கு எண்வடிவம் தந்தவர் டேஹாஃப்.

இடைவெளியின் இலக்கணம்

எழுத்துகள் மாறுவதோடன்றி விடுபடுவதும் உண்டு. 'மாமரம்' என்றோர் ஏட்டிலும் 'மரம்' என்று மற்றோர் ஏட்டிலும் உள்ளதாகக் கொள்வோம. முதலெழுத்தின்கீழ் முதலெழுத்து என்று அடுக்கினால் மாவின்கீழ் மகரமும், மகரத்தின்கீழ் ரகரமும், ரகரத்தின்கீழ் மகரமெய்யும் அமைந்து ஓரெழுத்தும் ஒவ்வாது போகும். முதலில் ஓர் இடம் வெறுமையாக விட்டால் மூன்றெழுத்துகளும் ஒக்கும். ஆனால் விரும்பியவாறெல்லாம் இடம் விட்டுக்கொண்டே போனால் எதனையும் எதனோடும் ஒப்பச் செய்துவிடலாம். ஆதலின் ஒவ்வோர் இடைவெளிக்கும் தண்டம் விதித்தல் வேண்டும்.

நூறு எழுத்துகள் கொண்ட இரு வரிசைகளை இடைவெளி விட்டு அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை, ஒன்றின்பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுழிகளை இட்டாலொழிய எழுத இயலாதது. 1970இல் சால் நீடில்மன், கிறிஸ்டியன் வுன்ஷ் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். ஒரு வரிசையை மேற்புறமும் மற்றதை இடப்புறமும் எழுதிக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை கிடைத்த சிறந்த மதிப்பெண்ணை மட்டும் குறித்துச் சென்றால், பத்தாயிரம் கட்டங்களிலேயே மிகச் சிறந்த அடுக்குமுறை வெளிப்படும். வரிசைகளைக் கலைத்துப் போட்டு மீண்டும் ஒப்பிட்டு, தற்செயலாய் வரும் மதிப்பெண் எவ்வளவு என்பதையும் அவர்கள் பார்த்தனர் என்பது கருதத்தக்கது. முழுவரிசை ஒவ்வாதாயினும் உள்ளே ஒரு பகுதி மட்டும் ஒத்தல் கூடும். அப்பகுதியைக் கண்டறியும் முறையை 1981இல் டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மனும் சில பக்கங்களே கொண்ட கட்டுரையில் வகுத்தளித்தனர்.

1983ஆம் ஆண்டு

எழுபதுகளின் இறுதியில் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறைகள் விரைவு பெற்றன. வரிசைகள் வெள்ளமாய் வந்தன. அமெரிக்க அரசு பொதுத் தரவுத்தளம் ஒன்றை அமைக்க முன்வந்தது. அப்பணி 1982இல் டேஹாஃபின் நிறுவனத்திற்குக் கிடைக்கவில்லை. லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தினரும் அவரோடு இணைந்த தனியார் நிறுவனமும் பெற்றனர். ஜென்பேங்க் என்னும் அத்தளம் அவ்வாண்டு டிசம்பரில் 606 வரிசைகளும் 6,80,338 எழுத்துகளும் கொண்டிருந்தது. டேஹாஃபின் தொகுப்பு விலைக்கு வழங்கப்பட்டது. ஜென்பேங்க் யாவர்க்கும் திறந்திருந்தது. திறந்த வழியே வென்றது. அது நன்றே. ஆயினும் வழி அமைத்தவர் அவ்வழியில் நடக்க வாய்க்கவில்லை. 1983 பிப்ரவரியில், தம் 57ஆம் வயதில், டேஹாஃப் மறைந்தார்.

அவர் மறைந்த ஐந்தாம் திங்களில் தொகுப்புப் பணியின் பயன் உலகுக்குத் தெரிந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்திலிருந்த ரஸ்ஸல் டூலிட்டில், டேஹாஃபின் தொகுப்பைத் தொடர்ந்து புதியனவற்றைச் சேர்த்து, 'புதிய தொகுப்பு' என்னும் பொருள்பட ஒன்றைத் தாமே அமைத்து வைத்திருந்தார். இரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிப்பட்டு, புண் ஆறுதற்கு உயிரணுக்களைப் பெருகச் செய்யும் புரதமொன்றின் ஒரு பகுதி அவ்வாண்டு வெளியாயிற்று. அவ்வரிசையைத் தம் தொகுப்போடு ஒப்பிட்டார் டூலிட்டில். அது, கம்பளிக் குரங்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்த புற்றுநோய் வைரஸ் ஒன்றின் மரபணுவோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. இம்முடிவை அவரும் உடனாய்ந்தோரும் ஜூலையில் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர். இலண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டு குழுவினரும் அதே முடிவைத் தனித்துக் கண்டு அதே திங்களில் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

அதன் பொருள் பெரிது. புற்றுநோய் உண்டாக்கும் எழுத்து வேற்றுலகிலிருந்து வந்ததன்று. உடலின் சொந்த எழுத்தே. புண் ஆறும்போது 'பெருகுக' என ஆணையிட்டு அடங்க வேண்டிய சொல், வைரஸின் கையில் அகப்பட்டு ஓயாது ஒலித்ததால் நோயாயிற்று. நோயாளரை நேரில் காணாமலும் சோதனைக்குழாயைத் தொடாமலும் இரண்டு பனுவல்களை ஒப்பிட்டதனாலேயே வெளிப்பட்ட உண்மை இது. அன்றுமுதல், புதிய வரிசை ஒன்றைப் படித்தவர் முதலில் செய்வது அதனைத் தொகுப்போடு ஒப்பிடுதலே என்னும் வழக்கம் வேரூன்றியது.

விரைவு

தொகுப்பு பெருகப் பெருகக் கட்டம் வரைந்து ஒப்பிடும் முறைக்குக் காலம் மிகுந்தது. பெரிய நூலகத்தில் ஒரு வரியைத் தேடுபவர் எல்லா நூல்களையும் முதலெழுத்திலிருந்து படிப்பதில்லை. சொல்லடைவைப் பார்த்து, அச்சொல் வருமிடங்களுக்கு மட்டும் செல்கிறார். இவ்வுத்தியையே டேவிட் லிப்மனும் வில்லியம் பியர்சனும் 1985இலும் 1988இலும் வெளியிட்ட நிரல்களில் கையாண்டனர். பின்னதன் பெயர் ஃபாஸ்டா.

1990இல் ஸ்டீஃபன் ஆல்ட்ஷூல், வாரன் கிஷ், வெப் மில்லர், யூஜீன் மையர்ஸ், டேவிட் லிப்மன் ஆகிய ஐவர் பிளாஸ்ட் என்னும் நிரலை வெளியிட்டனர். தேடும் வரிசையைச் சில எழுத்துகள் கொண்ட சிறுசொற்களாக அது பிரித்துக்கொள்ளும். அச்சொற்களோ அவற்றை நெருங்கியவையோ தொகுப்பில் எங்குள்ளன என்று காணும். கண்ட இடத்திலிருந்து இருபுறமும் ஒப்புமையை நீட்டிப் பார்க்கும். மதிப்பெண் தாழத் தொடங்கினால் விட்டுவிடும். மிகச் சிறந்த விடையை அது உறுதி கூறாது. நல்ல விடையை விரைந்து கூறும். இன்றும் உயிரியலார் அதன் வழிவந்த கருவியை அன்றாடம் பயன்படுத்துகின்றனர்.

தற்செயலை எண்ணுதல்

விரைவினும் பெரிய கொடை ஒன்று அதனுடன் வந்தது. சாமுவேல் கார்லினும் ஆல்ட்ஷூலும் அதே 1990இல் வகுத்த நிகழ்தகவுக் கணக்கே அது. ஒவ்வோர் ஒப்புமைக்கும் அருகில் பிளாஸ்ட் ஓர் எண்ணைத் தரும். இத்துணைப் பெரிய தொகுப்பில், உறவேதும் இல்லாமலே, இத்துணை ஒப்புமை எத்தனை முறை தற்செயலாய் நேரும் என்பதே அவ்வெண். அது சுழியை நெருங்கினால் உறவு எனக் கொள்ளலாம். ஒன்றோ பத்தோ எனின் வாளா இருத்தல் வேண்டும். தொகுப்பு பத்து மடங்கு பெருகினால் அதே ஒப்புமைக்கு அவ்வெண்ணும் பத்து மடங்கு பெருகும். தேடும் இடம் பெரிதாயின் தற்செயலும் பெரிதாகும்.

ஒப்பீட்டின் ஆற்றலுக்கு ஒரு சான்று. 1990இல் மைக்கேல் கிரைட்டன் எழுதிய ஜுராசிக் பார்க் புதினத்தில் டைனோசருக்கு உரியதாக ஒரு டி.என்.ஏ. வரிசை அச்சிடப்பட்டிருந்தது. மார்க் போகஸ்கி என்னும் அறிஞர் அதனைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, அது ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் வழங்கும் பாக்டீரிய டி.என்.ஏ. வளையமே என்று 1992இல் எழுதினார். 1995இல் வெளிவந்த அடுத்த புதினத்திற்கு வரிசையைப் போகஸ்கியே அமைத்துக் கொடுத்தார். கோழி, தவளை ஆகியவற்றின் வரிசைகளைக் கொண்டு அதனைச் செய்து, நடுநடுவே சில எழுத்துகளைச் செருகினார். புரதமாக்கிக் கோழியின் வரிசையோடு ஒப்பிட்டால் இடைவெளி விழும் இடங்களில் மட்டும் அவை தெரியும். டேஹாஃபின் ஓரெழுத்துக் குறியீட்டில் அவற்றைப் படித்தால் 'மார்க் இங்கிருந்தான்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரும் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமும் வரும். நம் சித்திரகவிகள் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

வழுவிய இடங்களும் உண்டு. 2001 பிப்ரவரியில் மனித மரபுத்தொகுதியின் முதல் வரைவு நேச்சரில் வந்தபோது, 223 மனிதப் புரதங்கள் பாக்டீரியங்களில் உள்ளன, ஈஸ்ட், புழு, ஈ, கடுகினச் செடி ஆகியவற்றில் இல்லை என்று கூறப்பட்டது. ஆதலின் பல மரபணுக்கள் பாக்டீரியத்திலிருந்து நேரே நம் முன்னோரிடம் வந்திருக்கலாம் என்று கருதினர். சில திங்களில் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் குழுவினர் மேலும் பல உயிர்களின் வரிசைகளைச் சேர்த்துத் தேடினர். எண்ணிக்கை ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட உயிர்கள் சில அம்மரபணுவை இழந்திருக்கலாம். சிலவற்றை நாம் இன்னும் படிக்காதிருக்கலாம். கிடைக்காத ஏட்டை இல்லாத ஏடு எனக் கொண்டதே பிழை. கறையானுக்கும் ஆற்றுவெள்ளத்திற்கும் சுவடிகளைப் பறிகொடுத்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2020இன் நிகழ்ச்சி இன்னும் கடியது. கொரோனா வைரஸின் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் ஜனவரியில் வெளியாயின. ஒப்பீடு உடனே உண்மையைக் காட்டியது: வௌவால் வைரஸ் ஒன்றோடு ஏறத்தாழ 96 விழுக்காடு ஒற்றுமை. ஆனால் அத்திங்கள் இறுதியில், அதன் புரதத்திலுள்ள நான்கு சிறு பகுதிகள் எய்ட்ஸ் வைரஸை ஒத்துள்ளன என்று ஒரு முன்வரைவுக் கட்டுரை வந்தது. ஆறு எழுத்து கொண்ட புரதச்சொற்கள் மொத்தமே 6 கோடியே 40 இலட்சம். தொகுப்பில் உள்ள எழுத்துகளோ அதனினும் பன்மடங்கு. எனவே அத்தகைய குறுஞ்சொல் தற்செயலாகவே பல இடங்களில் வந்துவிடும். அப்பகுதிகளை ஒத்தவை தொடர்பற்ற பல உயிர்களிலும் இருந்தன. அறிஞர் பலர் இதனை எடுத்துக்காட்ட, சில நாள்களிலேயே ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். அதற்குள் அச்செய்தி அச்சத்தோடு உலகெங்கும் பரவிவிட்டது. தற்செயலை எண்ணாமல் உறவு கூறுதல் வெறும் புலமைப் பிழையாக நின்றுவிடுவதில்லை.

மீண்டும் சுவடிக்கு

உயிரியல் முறை இலக்கியத்திற்கும் வந்து பயன்பட்டது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரிக் கதைகளில் ஒரு முன்னுரைப் பகுதி 850 அடிகள் கொண்டது. அதன் 15ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் 58. அவற்றின் பாடவேறுபாடுகளை, உயிர்களின் குலமரம் வரையும் நிரலுக்கு உட்படுத்தி, எச்சுவடி எதனோடு இனமாகும் என்று கண்டனர் இலக்கிய அறிஞரும் உயிர்வேதியியலாரும் அடங்கிய குழுவினர். அம்முடிவு 1998இல் நேச்சரில் வெளியாயிற்று. ஏடு ஒப்பிடும் கலையும் உயிர் ஒப்பிடும் கலையும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பொதுச்சொல்லின் ஒற்றுமையினும் அருஞ்சொல்லின் ஒற்றுமைக்கே எடை மிகுதி. ஒப்புமை கண்டவிடத்துத் தற்செயலாய் நேரக்கூடியது எவ்வளவு என்று முதலில் கேட்டல் வேண்டும். நம் கையிலுள்ள தொகுப்பில் இல்லாதது உலகில் இல்லை எனத் துணிதல் கூடாது. ஒரு கவிஞரை 'இவர் அவரிடமிருந்து எடுத்தார்' என்று கூறுமுன் இம்மூன்றையும் எண்ணிப் பார்த்தல் அறமாகும். அவ்வாறு எண்ணிப் பார்த்தபின் உறவு உறுதியாயின், அதனைக் களவு என்று இழித்தலும் வேண்டா. குரங்கின் வைரஸில் கண்ட உறவு பழிகூறப் பயன்படவில்லை. ஒரு நோயின் பிறப்பை அறியப் பயன்பட்டது.

இன்னொன்றும் கூறி அமைகின்றேன். பிளாஸ்டைப் பயன்படுத்துவோர் பலர். 65 புரதங்களை ஒவ்வொன்றாகத் தேடி அடுக்கியவரை நினைப்போர் சிலர். ஒப்பிடுவோர் புகழ் பெறுவர். தொகுப்போர் அடிக்குறிப்பில் நிற்பர். பத்தாண்டு நிறைவு காணும் இம்மலரும் ஒரு தொகுப்பே. இதில் எந்த வரி எந்த வரியோடு உறவுடையது என்பதைப் பின்வருவோர் காண்பர். அவர்கள் காணும்படி தேதியும் பெயரும் பிழையின்றிச் சேர்த்து வைத்தல் நம் கடன்.